அப்பாவுக்குக் கண் பிரஷர் ஆபரேஷன்: வெட்டுவது முன்னால், பின்னால் என்ன ஆகும்?

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 62 வயது, சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை, சின்ன வயதிலிருந்தே கண்ணாடி, இப்போது மைனஸ் ஆறு. கண் பிரஷர் நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, மூன்று வகைச் சொட்டு மருந்து போட்டும் இடது கண்ணில் பிரஷர் 26-க்குக் (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்) கீழே இறங்கவில்லை, இனி ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கெட்டுப்போவது கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு, வெட்டித் தைப்பதோ முன்னால் வெள்ளை விழியில். அப்படியென்றால் இந்த ஆபரேஷன் பின்பக்கத்தை என்ன செய்யும், நல்லதா கெட்டதா என்பதுதான் உங்கள் கேள்வி. பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே ஆபரேஷனுக்கு அப்புறம் விழித்திரை சுருங்கிவிட்டது என்று சொன்னதைக் கேட்டுப் பயந்துபோயிருக்கிறீர்கள். கூடவே, ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவை ஏற்காட்டில் உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா, மலை ஏறும்போது காது அடைக்கிற மாதிரி கண்ணிலும் பிரஷர் ஏறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதகர். ஆபரேஷன் செய்கிறவன் இல்லை. சேலத்தில் பல வருடமாகக் கண் பிரஷர் பார்ப்பது, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பது, கண்ணின் பின்பக்க அடுக்குகளை ஒளியால் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுப்பதுதான் என் வேலை. அதனால் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கண்ணின் பின்பக்கம் எப்படி மாறுகிறது என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றித் தைரியமாகப் பேச முடியும். உங்கள் அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா, எந்த வகை என்பதில் நான் தலையிட மாட்டேன், அது அவருடைய டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் பார்ப்போம். கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டருக்குச் சற்று மேல். அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. இது கருவிழியின் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய வடிகால் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். கண் நாலாபுறமும் மூடிய உறுப்பு என்பதால் அடைப்பு முன்னால் இருந்தாலும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழும், அதில் முதலில் விட்டுக்கொடுப்பது எந்த இடம் பலவீனமோ அந்த இடம். அது பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியே போகும் வாசல். அங்கே கெட்டியான வெள்ளை விழிக்குப் பதிலாக ஒரு சல்லடை மாதிரியான தகடு இருக்கிறது, லாமினா கிரிப்ரோசா என்பார்கள். விழித்திரை முழுவதிலிருந்தும் வரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் அந்தச் சல்லடையின் துளைகளுக்குள் புகுந்துதான் மூளைக்குப் போகின்றன. பிரஷர் வருடக்கணக்கில் அழுத்தும்போது அந்தத் தகடு பின்னால் குழிந்து, மெலிந்து, துளைகள் கோணலாகி இழைகளை நெரிக்கிறது. இழைகளுக்குள்ளே போய்வர வேண்டிய சத்து அங்கேயே தேங்குகிறது, ரத்த ஓட்டமும் குறைகிறது, ஒவ்வொன்றாகச் சாகின்றன. டாக்டர் ‘நரம்பில் குழி பெரிதாகியிருக்கிறது’ என்று சொல்வது இதைத்தான்.

உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போவது பெரும்பாலும் டிராபெக்குலெக்டமி. 1968-இல் கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் விவரித்தது, இன்றைக்கும் அடிப்படை அதேதான். மேல் இமைக்கு அடியில் வெள்ளை விழியில் பாதி ஆழத்துக்குச் சின்னதாக ஒரு மூடி மாதிரி வெட்டி, அதற்கடியில் கண்ணுக்குள் ஒரு துளை போட்டு, மூடியைத் தளர்வாகத் தைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் நீர் அந்த மூடியின் ஓரமாகக் கசிந்து மேல் சவ்வுக்குக் கீழே சின்ன மேடாகத் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படும். காயம் ஆறி அந்த வழியே அடைபட்டுவிடக் கூடாது என்று மைட்டோமைசின் என்ற மருந்தை அங்கே கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார்கள். நரம்பையோ விழித்திரையையோ யாரும் தொடுவதில்லை. ஆனாலும் பின்பக்கம் மாறத்தான் செய்கிறது.

எப்படி என்றால், பிரஷர் இறங்கினால் குழிந்துபோன சல்லடை பல கண்களில் முன்னோக்கி மீண்டு வருகிறது. இது யூகம் இல்லை, ஸ்கேனில் கண்ணால் பார்க்கிற விஷயம். தாடையை ஸ்டாண்டில் வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் குறியையே பார்க்கச் சொல்லி, இமைக்காமல் சில நொடி இருந்தால் போதும், படம் வந்துவிடும். ஓசிடியில் ஆழத்தைத் தெளிவாகக் காட்டும் முறை ஒன்று உண்டு, அதில் எடுத்தால் விழித்திரைக்கு அடியில், நரம்பின் குழிக்குள், சல்லடை வெளிறிய ஒரு பட்டையாக வளைந்து தெரியும். ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த படத்தில் ஆழமான கிண்ண வடிவில் தொங்கிக்கொண்டிருக்கும் பட்டை, சில மாதம் கழித்து அதே கோட்டில் எடுத்தால் மேலே வந்திருக்கும், கொஞ்சம் தடித்தும் இருக்கும். சில கண்களில் இந்த நகர்வு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இருக்கும். சொல்லக் கேட்டால் சின்ன அளவுதான், ஆனால் அந்தத் தகட்டின் மொத்தத் தடிமனே மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குகளுக்குள் அடங்குவது என்பதால் அது அங்கே பெரிய விஷயம். பிரஷர் எவ்வளவு அதிகமாக இறங்குகிறதோ, வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவு நகர்வு. பிறவியிலேயே பிரஷர் நோய் உள்ள கைக்குழந்தைகளுக்கு ஆபரேஷன் சரியாக அமைந்தால் நரம்பின் குழியே கண்கூடாகச் சுருங்கிவிடும், அவர்களுடைய திசு அவ்வளவு மிருதுவானது. 62 வயதில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது.

இதுவரை சொன்னது உறுதியானது. இதற்கு மேல் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சல்லடை மேலே வந்துவிட்டது என்றால் பார்வை திரும்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. செத்த நரம்பு இழை மறுபடி முளைக்காது, ஃபீல்டு டெஸ்டில் கறுப்பாகிப்போன இடம் கறுப்புதான். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் நரம்பு இழை அடுக்கின் தடிமன் கூடியிருப்பதாக ரிப்போர்ட்டில் எண் வரலாம், அது பெரும்பாலும் வீக்கம், முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது, அந்த எண்ணை மூன்று மாதம் கழித்துத்தான் நம்பலாம். சிலருக்கு ஃபீல்டு டெஸ்ட் கொஞ்சம் தேறுகிறது. நெருக்கப்பட்டுச் சாகாமல் சோர்ந்து கிடந்த இழைகள் மீண்டிருக்கலாம், இல்லை டெஸ்டுக்குப் பழகிவிட்டதால் நன்றாகச் செய்திருக்கலாம், இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். எல்லாக் கண்ணிலும் சல்லடை முன்னால்தான் வருகிறது என்றும் இல்லை, சிலவற்றில் அசையவே அசையாது, சிலவற்றில் பின்னால் போவதும் உண்டு. முன்னால் வந்தவர்களுக்கு நோய் மெதுவாகப் போகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அந்த நகர்வை வைத்து ஒரு தனி நோயாளியின் பத்து வருடப் பார்வையைக் கணிக்கும் நிலைக்கு இந்தத் துறை இன்னும் வரவில்லை. பிரஷரைக் குறைப்பது மீதி நரம்பைக் காப்பாற்றுகிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. முற்றிய கிளாக்கோமா பற்றி அமெரிக்காவில் நடந்த ஏஜிஸ் ஆய்வின் முடிவுகள் 2000-இல் வந்தபோது, வந்த செக்கப் எல்லாவற்றிலும் பிரஷர் 18-க்குக் கீழே இருந்த கண்களில், சராசரியாகப் பார்த்தால், பார்வைப் பரப்பு பல வருடம் அப்படியே நின்றது தெரிந்தது. சராசரி என்பதைக் கவனியுங்கள், அந்தக் குழுவிலும் சிலருக்குக் குறைந்தது. அதனால் அப்பாவுக்கு ஆபரேஷன் பார்வையைக் கூட்டுவதற்காக இல்லை, இருப்பதைக் காப்பதற்காக என்பதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டுப் பிரித்ததும் ‘ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லையே’ என்று மனம் உடைந்துபோவார், நான் அடிக்கடி பார்க்கிற காட்சி அது.

சல்லடையைத் தவிர, விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்த கொராய்டு என்ற அடுக்கு பிரஷர் இறங்கியதும் கொஞ்சம் தடிக்கும். கண்ணின் முன்பின் நீளமும் துளி குறையும். இதனாலும் தையலாலும் கண்ணாடிப் பவர் மாறும். புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.

இனி நீங்கள் பயப்படுகிற பக்கத்துக்கு வருகிறேன். பின்பக்கத்துக்கு வரும் கெடுதல்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தில் போய் முடிகின்றன: பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவது, அல்லது ஒரேயடியாக இறங்குவது. கண்ணுக்குக் கொஞ்சம் அழுத்தம் கட்டாயம் வேண்டும். அது ஐந்து, ஆறுக்குக் கீழே போனால் கொராய்டின் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, அந்த அடுக்குக்கும் வெள்ளை விழிக்கும் நடுவில் தேங்கும். அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் இரண்டு பக்கமும் மேடு எழும்பி நிற்பது தெரியும். நோயாளி, ‘ஓரத்தில் நிழல் மாதிரி மறைக்கிறது’ என்பார். வலி அநேகமாக இருக்காது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணுக்குள் நீரைச் சுரக்கிற பகுதியும் அந்தக் கசிவில் விலகிவிடுவதால் சுரப்பு குறையும், சுரப்பு குறைந்தால் பிரஷர் இன்னும் இறங்கும், அதனால் இன்னும் கசியும். ஆனால் இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம், முதல் சில வாரங்களில் இது அரிதான விஷயம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டும் அட்ரோபின் சொட்டும் போட்டே தானாக வடிந்துவிடுகிறது. இரண்டு மேடும் நடுவில் முட்டிக்கொள்ளும் அளவுக்குப் போனாலோ, கருவிழிக்குப் பின்னால் நீர் நிற்கும் முன்னறை முழுக்க அடங்கிப்போனாலோதான் நீரை எடுத்துவிட வேண்டி வரும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது, நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால், விழித்திரை மடிப்பு விழுந்ததாக இருக்கலாம், அவருடைய ஸ்கேனைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். பிரஷர் வாரக்கணக்கில் மிகக் குறைவாகவே இருந்தால் கண்ணின் சுவர் தளர்ந்து உள்வாங்கும். சுவர் சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் கொராய்டும் விழித்திரையும் சுருங்காது, அதனால் மையப் பார்வைக்கான மேக்குலா பகுதியில் மடிப்பு மடிப்பாக விழும். நேர்கோடுகளாக இருக்க வேண்டிய அடுக்குகள் ஓசிடியில் அலை அலையாக ஏறி இறங்கித் தெரியும், நோயாளிக்கோ கதவு நிலையும் காலண்டர் கட்டமும் நெளிந்து தெரியும். இது அதிகம் வருவது இளவயதுக்காரர்களுக்கும், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும், அவர்களுடைய வெள்ளை விழி மெல்லியது என்பதால். அப்பாவுக்கு வயது சாதகம், மைனஸ் ஆறு பாதகம். ஆகவே மைனஸ் பவரை டாக்டர் கணக்கில் எடுத்திருக்கிறாரா, மூடியைச் சற்று இறுக்கமாகத் தைத்துவிட்டுப் பிறகு தேவைக்கேற்பத் தையலைத் தளர்த்துவாரா என்று கேளுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரஷரை நாள் கணக்கில் படிப்படியாக இறக்கும் இந்த முறைதான் பின்பக்கத்துக்குப் பாதுகாப்பு. மடிப்பு விழுந்துவிட்டாலும் சீக்கிரம் கண்டுபிடித்து, அதிகக் கசிவை அடைத்துப் பிரஷரை ஏற்றினால் பலருக்குப் பார்வை மீள்கிறது, மாதக்கணக்கில் விட்டால்தான் நெளிவு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஒரேயடியாக இறங்குவதால் வருவது வேறு. நாற்பதுக்கு மேல் இருந்த பிரஷர் ஆபரேஷன் மேஜை மேலேயே பத்துக்கு வந்தால் விழித்திரையில் அங்கங்கே ரத்தப் புள்ளிகள் தெறிக்கலாம். அவை பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் அதிகப் பிரஷர் உள்ளவர்களுக்கு முன்னாலேயே டயமாக்ஸ் மாத்திரையோ மானிட்டால் டிரிப்போ கொடுத்து இறக்கிவிட்டு உள்ளே எடுக்கிறார்கள். 26-இலிருந்து தொடங்கும் அப்பாவுக்கு இந்தக் கவலை குறைவு. நான் மிகவும் கவலைப்படுவது கொராய்டுக்குப் பின்னால் ரத்தக் குழாய் வெடித்துக் கசிவது பற்றித்தான். இது அரிது, ஆனால் வந்தால் கடுமை: திடீரென்று தாங்க முடியாத வலி, பார்வை சட்டென்று இருட்டுவது, சிலருக்கு வாந்தி. வயது, ரத்தக்கொதிப்பு, அதிக மைனஸ் பவர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவை எல்லாம் ஆபத்தைக் கூட்டும். பிரஷர் குறைந்திருக்கிற முதல் நாட்களில் மூச்சைப் பிடித்து முக்கினால் தலைக்கு ஏறும் ரத்த அழுத்தம் கொராய்டின் குழாய்களில்தான் போய் முட்டும். இங்கேதான் அப்பாவின் தொழில் வருகிறது. கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைக்க ஊதுகுழலில் வாயால் ஊதுகிறவராக இருந்தால், கன்னம் உப்ப ஒவ்வொரு ஊதலும் முக்குவதற்குச் சமம், அதோடு நாள் முழுக்கக் குனிந்த தலை, சூடு, தூசி. லீவு எத்தனை நாள் என்று கேட்பதோடு நிற்காமல், ஊதுகிற வேலை என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘வெள்ளி வேலை’ என்று மட்டும் சொன்னால் எல்லா டாக்டருக்கும் ஊதுகுழல் ஞாபகத்துக்கு வராது. மலச்சிக்கல், விடாத இருமல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மருந்து வாங்கிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

ஒருவேளை டிராபெக்குலெக்டமிக்குப் பதில் உள்ளே இருக்கும் நீரை வடிக்கக் குழாய் வைக்கிறோம் என்று சொன்னால் கணக்கு மாறும். மதுரை ஆரோலேபில் செய்யும் வால்வு இல்லாத குழாயைத் தமிழ்நாட்டில் நிறையப் பேருக்கு வைக்கிறார்கள். அதைக் கரையும் நூலால் கட்டித்தான் வைப்பார்கள், நூல் ஐந்து ஆறு வாரத்தில் கரைந்து குழாய் திறக்கும், பிரஷர் அன்றைக்குத்தான் சட்டென்று இறங்கும். மேலே சொன்ன கசிவெல்லாம் அந்த வாரத்தில் வரலாம். ‘ஒரு மாதம் நன்றாக இருந்தாரே’ என்று நினைத்து அந்தச் செக்கப்பைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பின்பக்கத்தில் மேக்குலா வீக்கம் சிலருக்கு வரும், மருந்தில் வற்றும். ஏற்கெனவே நடுப் பார்வை மட்டும் துளியூண்டு மிச்சம் இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காரணம் பிடிபடாமல் அதுவும் போய்விடுவது மிக அரிதாக நடக்கிறது, அப்பாவின் ஃபீல்டு டெஸ்டில் மையத்தை ஒட்டிக் கறுப்பு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை மெல்ல மங்குவதற்கு எல்லாவற்றையும் விடச் சாதாரணக் காரணம் கண்புரை வேகமாக முற்றுவது, அதைச் சரிசெய்ய முடியும். தொற்று மட்டும் வருடங்கள் கழித்தும் வரலாம்: கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் அன்றைக்கே காட்ட வேண்டும், ஏனென்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் தேங்கும் மேட்டில் தொடங்கும் கிருமி உள்ளே இறங்கினால் பின்பக்கம் முழுவதையும் ஒன்றிரண்டு நாளில் அழித்துவிடும்.

கடைசியாக ஏற்காடு. சேலத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் ஏற்றம், காதுக்குள் காற்று இருப்பதால் அடைக்கிறது, கண்ணுக்குள் இருப்பது நீர், அது உயரத்தில் விரியாது. ஆகவே வெறும் பிரஷர் ஆபரேஷனுக்குப் பிறகு மலை ஏறுவதால் மட்டும் கண்ணுக்குக் கெடுதல் இல்லை. கண்ணுக்குள் கேஸ் வைத்திருந்தால் விஷயமே வேறு. விழித்திரை ஆபரேஷனில் அப்படி வைப்பார்கள், அது கரையும்வரை ஏற்காடு மாதிரி உயரத்துக்குப் போனால் கேஸ் விரிந்து பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறும். பிரஷர் ஆபரேஷனில் வழக்கம் இல்லை என்றாலும், டிஸ்சார்ஜ் ஆகும்போது ‘உள்ளே காற்றோ கேஸோ விட்டீர்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எனக்கு உயரத்தை விட ரோடுதான் யோசனை. இருபது கொண்டை ஊசி வளைவில் அப்பாவுக்கு வாந்தி வருமென்றால், அது ஊதுகுழலை விட மோசமான முக்கல். அதோடு ஆபரேஷனுக்கு மறுநாள் செக்கப், அப்புறம் முதல் ஒரு மாதம் கிட்டத்தட்ட வாராவாரம், தையல் தளர்த்த இடையில் திடீரென்று ஒரு நாள், ராத்திரி பதினொரு மணிக்கு வலி என்றால் உடனே. மழையில் மலைப் பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுபோவதும் உங்களுக்குத் தெரியும். முதல் மாதம் அவர் சேலத்திலேயே இருக்கட்டும், முடிந்தால் நீங்கள் இறங்கி வந்து கூட இருங்கள். பிரஷர் ஒரே நிலையில் நிற்கிறது, செக்கப் இடைவெளியைக் கூட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கூட்டிப்போங்கள். அன்றைக்கு வயிற்றுக்கு லேசாகக் கொடுத்து, முன் சீட்டில் உட்கார வைத்து, மெதுவாக ஏறுங்கள். ஸ்டீராய்டு சொட்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதங்களில் அதில் ஒரு வேளைகூட விடுபடக் கூடாது.